ப்ளூஸ் பாடப் போகிறேன் என்கிறாள் மகள்

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. சிகாகோ பக்கத்தில் ஐ.டி. வேலை, எச்-1பி விசா. சின்ன வயதில் எட்டு வருஷம் கர்நாடக சங்கீதம் கற்றவள். அங்கே போன பிறகு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையான ப்ளூஸில் விழுந்துவிட்டாள். நான் போயிருந்தபோது மில்லினியம் பார்க்கில் நடந்த ப்ளூஸ் திருவிழாவுக்கு அழைத்துப் போனாள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து பாட, கூட்டம் மொத்தமும் எழுந்து ஆடியது. "நானும் இப்படித்தான் ஆகப் போகிறேன்" என்றாள். இப்போது ஒரு புறநகர் ஊரின் கோடைத் திருவிழாவில் அவள் குழுவுக்கு 40 நிமிடம் கொடுத்திருக்கிறார்களாம். அதைப் பாடி முடித்ததும் வேலையை விடப் போகிறாளாம். இது சோறு போடுமா? குரல் கெட்டுப் போகாதா? குடிக்கிற இடங்களில் ராத்திரியில் பாடுவாள் என்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அவளிடம் நான் என்ன சொல்வது?
- ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்:

அம்மா, நீங்கள் கேட்டவற்றுக்கு வருவதற்கு முன்னால், கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விசா.

எச்-1பி விசாவில் இருப்பவர் எந்த நிறுவனத்துக்காக அந்த விசா வாங்கினாரோ அங்கேதான் சம்பாதிக்கலாம். வார இறுதியில் கிளப்பில் பாடிக் காசு வாங்குவதும், திருவிழாவில் பாடிச் செக் வாங்குவதும் அதற்குள் வராது. வேலையை விட்டால் வேறு ஏற்பாடு செய்துகொள்ள அதிகபட்சம் 60 நாள். கலைஞர்களுக்கென்று ஓ-1 என்ற விசா இருக்கிறது. ஆனால் அதற்குப் பத்திரிகை விமர்சனம், விருது, ஒப்பந்தங்கள், துறையில் பெயர் உள்ளவர்களின் கடிதங்கள் என்று ஒரு கட்டு ஆவணம் வேண்டும். ஒரே ஒரு திருவிழா மேடையை வைத்து அது கிடைக்காது. ஆகவே அந்தத் திருவிழாக்காரர்கள் அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உங்கள் மகள் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். நான் ஒலிப்பொறியாளராகத் தொடங்கி மேடை மேலாளர் ஆனவன். பாட்டு நன்றாக இருந்தும் காகிதம் சரியில்லாமல் ஊருக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது பாட்டுக்கு வருவோம்.

நீங்கள் அன்று பார்த்த அந்த அம்மாள் யார் என்று நீங்கள் எழுதவில்லை. யாராக இருந்தாலும் நீங்கள் பார்த்தது ஒரு கதையின் கடைசி அத்தியாயம். உங்கள் மகளும் அதைத்தான் பார்த்தாள். முதல் அத்தியாயம் எப்படி இருக்கும் என்பதற்கு, அதே சிகாகோவில் வாழ்ந்து 2009-இல் மறைந்த கோகோ டெய்லரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். ப்ளூஸின் ராணி என்று உலகம் கூப்பிட்ட பெண்.

பிறந்தது 1928-இல், டென்னசி மாநிலத்தில், மெம்ஃபிஸ் பக்கம். பெயர் கோரா வால்டன். குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பம். சாக்லேட் என்றால் உயிர் என்பதால் கோகோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றோர் இருவரையும் சிறுவயதிலேயே இழந்தாள். அண்ணன் தம்பிகள் வைக்கோல் கட்டும் கம்பியை ஆணியில் இழுத்துக் கட்டி கிடார் செய்துகொண்டார்கள். இவள் பாடினாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஒரு பாட்டு, மற்ற நாளில் வானொலியில் கேட்ட ப்ளூஸ்.

1952-இல், பிறகு கணவரான ராபர்ட் டெய்லரோடு பஸ் ஏறி சிகாகோ வந்தார். கையில் 35 சென்ட்டும் ஒரு டப்பா ரிட்ஸ் பிஸ்கட்டும் இருந்ததாகக் கடைசி வரை சொல்லிச் சிரிப்பார். பகலில் நகரின் வடக்குப் புறநகரில் வசதியானவர்கள் வீட்டில் துடைத்துப் பெருக்கும் வேலை. இரவில் தெற்குப் பக்க, மேற்குப் பக்க கிளப்புகள். அங்கே மடி வாட்டர்ஸ், ஹவ்லின் உல்ஃப் என்ற பெரிய ப்ளூஸ் பாடகர்கள் பாடிக்கொண்டிருப்பார்கள். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் இவர் மேடையேறி ஒரு பாட்டுப் பாடிவிட்டு இறங்குவார். பல வருஷம் இதுதான் வாழ்க்கை. சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

வில்லி டிக்சன் என்ற பாடலாசிரியர் ஒருநாள் இவர் பாடியதைக் கேட்டார். அவர்தான் செஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு அழைத்துப் போனார். அவர் எழுதிய 'வாங் டாங் டூடுல்' பாட்டை இவர் பாட, 1966-இல் அது ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. ஊருக்கு வந்து 14 வருஷம் ஆகியிருந்தது.

இங்கேதான் சினிமாவில் படம் முடியும். ஆனால் 1969-இல் செஸ் கம்பெனி கைமாறியது. அதை நடத்திய லென்னர்ட் செஸ் அதே வருஷம் இறந்தார். சில வருஷத்தில் அந்தப் பெயரே பழைய கதையானது. ஹிட் பாட்டுக்காரிக்கு இசைத்தட்டு போட ஆளில்லை. 1972-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் ஒரு ப்ளூஸ், ஜாஸ் திருவிழா நடந்தது. அதில் பாடினார். அதே காலத்தில் புரூஸ் இக்லவர் என்ற இளைஞர் அலிகேட்டர் என்ற சின்ன கம்பெனியைச் சிகாகோவில் நடத்திக்கொண்டிருந்தார். 1975-இல் அந்தக் கம்பெனியில் கோகோவின் முதல் ஆல்பம் வந்தது. வயது நாற்பத்தாறைத் தாண்டியிருந்தது. சொந்தக் குழு, சொந்த வேன், வருஷத்தில் பாதிக்கு மேல் சாலையில். உங்கள் மகள் ஆசைப்படுகிற வாழ்க்கை உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பஸ் விட்டு இறங்கி 23 வருஷம் கழித்து.

1980-களின் கடைசியில் அந்த வேன் டென்னசி மலைப்பாதையில் சறுக்கி விழுந்தது. உயிர் பிழைத்ததே பெரிது. எலும்புகள் கூடியதும் மறுபடி வேனில் ஏறினார். 2009 மே 7-ஆம் தேதி மெம்ஃபிஸில் ப்ளூஸ் விருது விழாவில் பாடினார். அடுத்த மாதம் 3-ஆம் தேதி காலமானார். எண்பது வயது.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் மகள் 29 வயதில் "தாமதமாகிவிட்டது, உடனே வேலையை விட வேண்டும்" என்று நினைக்கிறாள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ப்ளூஸில் அந்த அவசரம் தேவையே இல்லை. பாப் பாட்டுக்காரிக்கு 29 வயது ஆகிவிட்டால் கம்பெனிக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். இங்கே 29 என்றால் இன்னும் யாரும் திரும்பிப் பார்க்காத வயது. மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற ஒருவர் 1928-இல் சில தட்டுகள் பாடினார். அவை விற்கவில்லை. தன் ஊரான அவலானுக்குத் திரும்பி மாடு மேய்த்தும் வயல் வேலை செய்தும் 35 வருஷம் இருந்தார். அவர் பழைய பாட்டு ஒன்றில் ஊர்ப் பெயர் இருந்ததை வைத்து 1963-இல் ஓர் இளைஞர் தேடி வந்தார். அப்போது வீட்டில் கிடார் கூட இல்லை. வந்தவரைப் போலீஸ்காரர் என்று நினைத்துப் பயந்தாராம். அந்த வருஷமே நியூபோர்ட் திருவிழா மேடையில், எழுபதை ஒட்டிய வயதில், புதிய ஆளாகப் பாடினார். இறப்பதற்கு முன் கிடைத்தது மூன்று வருஷம்தான். ஆனால் அந்த மூன்று வருஷப் பதிவுகளைத்தான் இன்றைக்கும் விரல் மீட்டு கிடார் பழகுகிறவர்கள் கேட்கிறார்கள்.

சோறு போடுமா என்று கேட்டீர்கள். கணக்கைப் பார்ப்போம்.

திருவிழாக்காரர்கள் ஒரு தொகை பேசுவார்கள். அது பாடகிக்கு மட்டும் வருகிற தொகை இல்லை. ட்ரம்ஸ், பேஸ், கிடார், கீபோர்டு என்று நாலு பேருக்கு முதலில் அவள் கொடுக்க வேண்டும். பாடகிதான் முதலாளி. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் வாசித்தவனுக்குச் சொன்ன காசைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிறகு வேன், பெட்ரோல், மோட்டல். ஏஜென்ட் இருந்தால் பத்திலிருந்து இருபது சதவீதத்துக்குள் ஏதோ ஒன்று. அதற்கப்புறம் மிஞ்சுவதுதான் பாடகியினுடையது. முதல் சில வருஷம் பெரும்பாலும் மிஞ்சுவது அன்றைய சாப்பாட்டுச் செலவு. மேடை ஓரத்தில் மேசை போட்டு விற்கிற டி-ஷர்ட்டும் இசைத்தட்டும்தான் பல நாள் கையைக் கடிக்காமல் காப்பாற்றும்.

அந்த ஊரில் திறந்தவெளித் திருவிழாக் காலம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. ஜனவரியில் சிகாகோவில் வெளியே நின்று பேசக்கூட முடியாது. அந்த மாதங்களில் கிளப், பள்ளிகளில் ப்ளூஸ் சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சிகள், ஐரோப்பியச் சுற்றுப்பயணம், தனிப்பட்ட விருந்துகள், பாட்டு வகுப்பு. நான் அறிந்த நல்ல பாடகிகள் பலரிடம் இன்னொரு வேலையும் இருக்கிறது. நர்ஸ், பள்ளி ஆசிரியை, ஒருத்தி பஸ் டிரைவர். அதை அவர்கள் ஒளிப்பதும் இல்லை. அந்த நாட்டில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலானவர்களுக்கு வேலையோடு ஒட்டியிருக்கிறது என்பதை உங்கள் மகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெம்ஃபிஸில் இருக்கும் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நோயில் விழும் ப்ளூஸ் கலைஞர்களுக்கு உதவவென்றே ஒரு நிதி வைத்திருக்கிறது. அப்படி ஒரு நிதிக்குத் தேவை இருக்கிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

மேடைக் காசை விட நீண்ட நாள் சோறு போடுவது பாட்டின் உரிமை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இளம் பாடகிகள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

அமெரிக்காவில் வழக்கமான வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குக் காசு உண்டு, பாடியவருக்குக் கிடையாது. இணைய வானொலி, சாட்டிலைட் வானொலி வந்த பிறகுதான் பாடியவருக்கும் ஒரு பங்கு வந்தது. சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு அதை வசூலித்து 45 சதவீதத்தை முதன்மைக் கலைஞருக்கும், 5 சதவீதத்தைப் பின்னணியில் வாசித்தவர்களுக்கும், மீதிப் பாதியைப் பதிவின் உரிமையாளருக்கும் கொடுக்கிறது. பதிவு செய்துகொண்டால்தான் வரும். எழுதியவருக்கான பங்கை வசூலிக்க பி.எம்.ஐ., ஆஸ்கேப் போன்ற அமைப்புகள் தனி.

பிக் மாமா தோர்ன்டன் என்று ஒரு மகா பாடகி. 1952-இல் 'ஹவுண்ட் டாக்' பாடினார். அடுத்த வருஷம் அது ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர்கள் வேறு இருவர். தனக்கு வந்தது ஐந்நூறு டாலர் செக் ஒன்றுதான் என்று அவர் பின்னாளில் சொன்னார். 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி அதையே பாடி உலகமெல்லாம் கொண்டு போனார். சரி, அது பிறர் எழுதிய பாட்டு. ஆனால் 'பால் அண்ட் செயின்' தோர்ன்டனே எழுதியது. 1967-இல் மான்டரே திருவிழாவில் ஜேனிஸ் ஜோப்ளின் அதைப் பாடிப் பெரும் பேர் வாங்கினார். பாட்டின் உரிமையோ ஆரம்பத்தில் அதைப் பதிவு செய்த, வெளியிடக்கூட வெளியிடாத, ஒரு சின்ன கம்பெனியிடம் சிக்கியிருந்தது. வில்லி டிக்சனே தன் பாட்டுகளின் உரிமைக்காக வழக்குப் போட வேண்டியிருந்தது. பழைய செஸ் கட்டடம் மிச்சிகன் அவென்யூ 2120-ஆம் எண்ணில் இன்னும் நிற்கிறது. அதை அவர் மனைவி வாங்கினார். இப்போது டிக்சன் தொடங்கிய அறக்கட்டளை அங்கே இருக்கிறது. உங்கள் மகள் அங்கே போகவில்லை என்றால் போகச் சொல்லுங்கள். படம் எடுத்துக்கொள்ள மட்டும் இல்லாமல்.

அவள் எழுதும் ஒவ்வொரு பாட்டையும் முதல் முறை மேடையில் பாடுவதற்கு முன்னால் தன் பெயரில் பதிவு செய்யட்டும். குழுவில் கூட எழுதியவர் இருந்தால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். நண்பர்களாக இருக்கும்போதே வாங்க வேண்டும்.

குரல். கோகோவின் குரலில் இருந்த அந்தக் கரகரப்பைக் கேட்டு இளம் பெண்கள் தொண்டையை இறுக்கிப் பாடுகிறார்கள். பத்து நிமிடம் நன்றாக இருக்கும். மூன்றாவது பாட்டில் மேல் ஸ்தாயி ஓடிவிடும். அந்த உறுமல் குரல்நாண்களைத் தேய்த்து வருவது கிடையாது. அவற்றுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை லேசாகக் கூடச் சேர்த்துக்கொள்வதால் வருவது. அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் சிகாகோவில் உண்டு. இன்னொரு காரணம், மேடையில் தன் குரல் தனக்குக் கேட்காமல் போவது. கிடார்காரர் சத்தத்தை ஏற்ற, இவள் அதற்கு மேல் கத்த, தொண்டை போகும். அதற்குத்தான் காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கிறோம். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் இஞ்சிச் சாறை நிறுத்திவிட்டுத் தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

அவள் கற்ற கர்நாடக சங்கீதம் இதில் வீண் என்று நினைக்காதீர்கள். ப்ளூஸின் உயிர் ஒரு காந்தாரத்தில் இருக்கிறது. சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் சுரத்தைத் தொங்கவிட வேண்டும். பியானோவில் அந்தக் கட்டையே கிடையாது. அதனால்தான் பியானோக்காரர்கள் இரண்டு கட்டையையும் உரசி ஏமாற்றுகிறார்கள். காந்தாரத்தை அசைத்துப் பழகிய தொண்டைக்கு அது பாதி வேலை. ஆனால் அதே பயிற்சி அவளைக் கவிழ்க்கவும் செய்யும். வாக்கியத்துக்கு வாக்கியம் பிருகா போட்டு நிரப்பத் தோன்றும். ப்ளூஸில் ஒரு சுற்று பன்னிரண்டு பார். பார் என்பது நாலு தாளத் தட்டு கொண்ட ஒரு பகுதி. பாட்டின் முதல் வரியை இரண்டு தரம் பாடி மூன்றாவதில் பதில் சொல்வார்கள். இரண்டு பார் பாடினால் அடுத்த இரண்டு பார் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது கிடாருடைய இடம், ஹார்மோனிகாவுடைய இடம். அந்த இரண்டு பாரில் சும்மா நிற்கத் தெரிந்தவள்தான் பாடகி. நான் பார்த்தவரை புதியவர்கள் தோற்பது அங்கேதான்.

நம் ஊரில் ப்ளூஸ் என்றால் ஒப்பாரி மாதிரி என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அழுகை உண்டு. ஆனால் கேலி உண்டு, கும்மாளம் உண்டு, கணவனைக் கிழிப்பதும் உண்டு. கோகோவின் பெரிய ஹிட் பாட்டே விடிய விடிய நடக்கும் ஒரு விருந்தைப் பற்றியது. பருத்திக் காட்டில் கறுப்பின மக்கள் பட்டது இந்தப் பாட்டுக்குள் இருக்கிறது என்பதை மறக்காமல், அவர்கள் உச்சரிப்பை நடிக்காமல், தனக்குத் தெரிந்த வாழ்க்கையை உங்கள் மகள் பாடினால் அங்கே யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. ஷில்லாங்கிலிருந்து சோல்மேட் என்ற குழு 2007-இல் மெம்ஃபிஸ் வரை போய் சர்வதேச ப்ளூஸ் போட்டியில் பாடியிருக்கிறது. திப்ரிதி கர்பங்கர் அதன் பாடகி. மும்பையில் 2011-இலிருந்து மஹிந்திரா ப்ளூஸ் திருவிழா என்று ஒன்று நடந்திருக்கிறது. விசா ஒத்துவராமல் அவள் திரும்பினாலும் வாசல் முழுக்க மூடியதாக நினைக்க வேண்டாம்.

ராத்திரி, குடிக்கிற இடம் என்ற பயத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். மது விற்கிற இடங்கள்தான். தனியாகப் போகாமல் குழுவோடு போவது, தன் கிளாஸைக் கண்ணில் படும் இடத்தில் வைப்பது, காசை இரவே வாங்கிக்கொண்டு பின்வாசலில் இருவராக வெளியேறுவது. இதெல்லாம் அங்கே ஒவ்வொரு பாடகியும் செய்வது. கிளப்புக்கு கிளப் வித்தியாசமும் உண்டு. ரோசாஸ் லவுஞ்ச் என்று ஒன்று இருக்கிறது. ப்ளூஸ் பைத்தியத்தில் இத்தாலியின் மிலான் நகரத்திலிருந்து வந்த ஒருவர் 1984-இல் தன் அம்மாவின் பெயரில் திறந்தது. அந்த அம்மாவே வருஷக்கணக்கில் பாரின் பின்னால் நின்றார். அடுத்த தடவை போனால் மகளை அங்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். பகலில் கேட்கிற பயம் இரவில் நேரில் பார்த்தால் கொஞ்சம் சின்னதாகும்.

இனி அந்த 40 நிமிடம். சில வருஷங்களுக்கு முன் ஒரு சின்ன ஊர்த் திருவிழாவில் மேடை என் பொறுப்பில் இருந்தது. மழை பெய்து நிகழ்ச்சி பின்னால் தள்ளிப்போனது. அறுபதைத் தாண்டிய ஒரு பாடகி, கழுத்தில் துண்டு, கையில் வெந்நீர். அவருக்குக் கொடுத்திருந்த 45 நிமிடத்தை 20 ஆக வெட்ட வேண்டியிருந்தது. சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. அவர் தலையாட்டிவிட்டுத் தாளை எடுத்து, மெதுவான பாட்டுகளைப் பேனாவால் அடித்தார். ட்ரம்ஸ் வாசிக்க வந்த பையனை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். "ஜி-யில் ஷஃபிள், ஐந்திலிருந்து ஆரம்பம், என் கையைப் பார்" என்றார். சுருதி, தாள நடை, தொடங்கும் இடம், அவ்வளவுதான் ஒத்திகை. பையன் பயத்தில் மூன்றாவது பாரிலேயே தாளத்தை முந்தி ஓட ஆரம்பித்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது கையால் தன் இடுப்பில் மெதுவாகத் தட்டினார், நாலு தட்டு. பையன் அடங்கினான். 19-ஆவது நிமிடம் நன்றி சொல்லி இறங்கி, துண்டைப் பிழிந்துகொண்டே நேராகத் தட்டு விற்கிற மேசைக்குப் போய் நின்றார். அடுத்த வருஷம் அந்தத் திருவிழாக்காரர்கள் முதலில் கூப்பிட்டது அவரைத்தான். அவர் மேடையில் செய்த எல்லாம் திருவிழாவில் கற்றதில்லை. கிளப்பில், செவ்வாய்க்கிழமை இரவுகளில், பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தபோது கற்றது.

ஆகவே அவளிடம் "வேலையை விடாதே" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அடுத்த நாளே விட்டுவிடுவாள். நீங்கள் ஆசிரியை, உங்களுக்கு இது தெரியும். வேறு மாதிரி கேளுங்கள். கிளப்பில் யார் வேண்டுமானாலும் ஏறிச் சேர்ந்து வாசிக்கும் ஜாம் மேடைக்கு வாரத்தில் எத்தனை இரவு போகிறாய்? ஜாமில் காசு கிடையாது, அதனால் விசாச் சிக்கலும் குறைவு, அதையும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளட்டும். தெரியாத ட்ரம்மரோடு சுருதியையும் தாளத்தையும் சொல்லி எத்தனை பாட்டைத் தொடங்க முடியும் உன்னால்? சொந்தப் பாட்டு எத்தனை, யார் பெயரில்? இரண்டு வருஷம் வேலையில் இருந்துகொண்டே இதற்குப் பதில் சேர்க்கட்டும். அந்த இரண்டு வருஷத்தில் உள்ளூர் ப்ளூஸ் சங்கம் நடத்தும் போட்டியில் கலந்துகொள்ளட்டும். ஜெயித்தவர்களை மெம்ஃபிஸ் போட்டிக்கு அனுப்புகிறார்கள். ஓ-1 விசாவுக்கு வேண்டிய தாள்களும் அப்படித்தான் சேரும். அதற்குப் பிறகும் விட வேண்டும் என்றால் ஒரு வருஷச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு விடட்டும். அப்போது தடுக்காதீர்கள்.

திருவிழாவுக்கு அவளுக்கு இன்னும் சில குறிப்புகள், இதை அவளிடம் காட்டலாம். 40 நிமிடம் என்றால் 36 நிமிடத்துக்குப் பாட்டு எடு. முன் குழு இறங்கி உன் குழு ஏறக் கால் மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். முழு ஒலிச் சோதனை கிடையாது, ஒவ்வொரு ஒயரிலும் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். பாட்டு வரிசையை சுருதியோடு பெரிய எழுத்தில் எழுதி ஐந்து பிரதி எடுத்து ஒவ்வொருவர் காலடியிலும் டேப் போட்டு ஒட்டு, காற்றடிக்கும். மானிட்டர்காரரிடம் கத்தாதே, விரலை மேலே காட்டினால் போதும். அவர் பெயரை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள். கடைசிப் பாட்டு வேகமானதாக இருக்கட்டும், ஆனால் இரண்டாவது பாட்டு உன்னுடைய சொந்தப் பாட்டாக இருக்கட்டும். முதல் பாட்டில் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள், மூன்றாவதில் பீர் வாங்கப் போவார்கள்.

நீங்களும் போவதாக இருந்தால், மேடைக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள், ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும். ஒலியைச் சரிசெய்கிறவர் உட்காரும் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள், பாட்டு சரியாகக் கேட்கும் இடம் அதுதான். காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள். பாடி முடித்த உடனே மேடைக்குப் பின்னால் ஓடாதீர்கள். அரை மணி நேரம் ஒயர் சுருட்டிக்கொண்டும், பெட்டி தூக்கிக்கொண்டும், கிடார்காரரோடு எங்கே தவறு நடந்தது என்று சண்டை போட்டுக்கொண்டும் இருப்பாள். பாடுவதற்கு முன் எதுவும் சாப்பிட மாட்டாள். இட்லியைப் பிறகு கொடுங்கள். குழுவுக்கும் சேர்த்து.